பல்லக்கா வாங்கிய டூ ஸ்ட்ரோக்

என் தம்பி மகளை மண்திடலில் பந்தய பைக் ஓட்டுகிறவர்கள் 'பல்லக்கா' என்று கூப்பிடுவார்கள். எடுப்பான பல் உள்ளவள் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் பல் செட் செய்கிறவள். ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்துப் படியில் பதினோரு படி ஏறினால் அவளுடைய வேலை அறை. இரண்டு மேசை, ஒரு மெழுகு விளக்கு, நான்கு டாக்டர்களின் பெயர் ஒட்டிய தட்டுகள். பிளாஸ்டர் மாவுக் கரைசலில் காற்றுக் குமிழி தங்காமல் இருக்க அச்சை மேலே வைத்து நடுக்கும் அதிர்வுத் தட்டு ஒன்றும் உண்டு. அது ஓடும்போது மேசையில் இருக்கும் டீ டம்ளர் தானாக நகரும்.

வாரத்தில் ஆறு நாள் அரை மில்லிமீட்டரோடு மல்லுக்கட்டுகிறவள் ஏழாவது நாள் மேட்டிலும் பள்ளத்திலும் வண்டியோடு பறப்பாள். முப்பத்தாறு வயது. ஏழு வருடமாக ஓட்டுகிறாள். நான் தண்ணீர் இறைக்கும் நிலையத்தில் முப்பத்துநான்கு வருடம் இன்ஜின் ஓடிய நேரத்தை எழுதியவன். ஓய்வுக்குப் பிறகு அவள் வண்டிக்கு நோட்டு எழுதுகிறேன். எந்த நாள், எத்தனை மணி நேரம், என்ன மாற்றினோம், எங்கே விழுந்தாள், எல்லாம் அதில் இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எழுதியது: 'மூன்றாம் மேடு. விழுந்த வண்டியைத் தூக்கும்போது கால் சறுக்கி, ஹேண்டில் வலது மணிக்கட்டின் மேல்.' அந்த மணிக்கட்டுக்குள் இப்போது ஒரு தகடும் ஆறு திருகாணியும் இருக்கின்றன. அதே இடத்தில் இன்னொரு முறை உடைந்தால் நுணுக்க வேலை கை கூடாது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். நுணுக்க வேலை இல்லையென்றால் அவளுக்கு வேலையே இல்லை.

அவளுடைய பழைய ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி நூற்றுப் பதினெட்டு கிலோ. மண்ணில் ஓட்டுகிறவர்கள் விழாமல் இருக்க முடியாது. விழுந்தால் தூக்க வேண்டும். தூக்கும்போதுதான் அந்த மணிக்கட்டு தெறித்தது. அதனால் எடை குறைந்த வண்டிக்கு மாறுவது என்று முடிவு செய்தாள். நூற்றிருபத்தைந்து சிசி டூ ஸ்ட்ரோக் தொண்ணூற்று நான்கு கிலோதான். புதிது எட்டாத உயரத்தில் இருந்தது. பழையதுதான் பார்க்க வேண்டும்.

பழையதில் ஒரு சிக்கல். டூ ஸ்ட்ரோக்கில் இன்ஜினுக்கு எண்ணெய் தனியாகப் போகாது, பெட்ரோலோடு கலந்தே போகும். பிஸ்டன் தேய்ந்திருந்தாலும் எண்ணெய் குறைந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். ஓட்டுகிறவர் முன்னால் போய் விழுவார், கையை ஊன்றிக்கொண்டு.

நாங்கள் பேசியதில் இந்தக் கடைசி வரியை மட்டும் மாப்பிள்ளை கேட்டுவிட்டார். அவர் ஜன்னல் திரைச்சீலை தைக்கிறவர். சத்தம் போடுகிற ஆள் இல்லை.

"இன்னொரு கட்டோட வந்தேன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார் அவளிடம். "பல் இல்லாதவங்க வந்து சொல்லுவாங்க."

"எப்படிச் சொல்லுவாங்க? பல்லு நான்தானே கட்டித் தரணும்" என்றாள் இவள்.

அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை உப்பு, தண்ணீர், சாவி என்ற அளவில் நின்றது.

மூன்று வண்டி பார்த்தோம். முதல் இரண்டையும் வாசலிலேயே தள்ளிவிட்டோம். மூன்றாவது ஒரு கண்ணாடிக் கடைக்காரருடையது. அளவுக்குக் கண்ணாடி வெட்டிக் கொடுப்பவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். விரல்களில் மூன்று இடத்தில் பிளாஸ்திரி. கடைக்குப் பின்னால், சுவரில் சாய்த்த கண்ணாடிகளுக்கு நடுவில், வண்டி நின்றது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வண்டி தெரிந்தது. நாங்களும் தெரிந்தோம். எனக்கு அது பிடிக்கவில்லை. நாம் ஒருவரைக் கவனிப்பதை அவரும் கவனிக்க முடிகிற இடம்.

நான் முதலில் சிலிண்டரைத் தொட்டேன். இளஞ்சூடு.

"ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணீங்களா?"

"நீங்க வரீங்கன்னு ஒரு தடவை அடிச்சு வெச்சேன் சார். நாள்பட நின்ன வண்டி."

குளிர்ந்த இன்ஜின் கிளம்பச் சண்டித்தனம் செய்தால், ஆள் வருமுன் சூடாக்கி வைப்பார்கள். எழுதிக்கொண்டேன்.

"எதுக்கு விக்கறீங்க?" என்று அவள் கேட்டாள்.

"முதுகு வலி மேடம். டாக்டர் வேணாம்னுட்டார்."

சொல்லிவிட்டு அவர் சங்கிலியைக் காட்டக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார், எழுந்தார், மறுபக்கம் போய் மறுபடி உட்கார்ந்தார். ஒரு முனகல் இல்லை. என் முதுகை எனக்குத் தெரியும். முதுகு வலிக்காரர் அப்படி உட்கார மாட்டார். அதையும் எழுதிக்கொண்டேன்.

பிறகு அவர் ஒரு நோட்டை நீட்டினார். நல்ல நோட்டு என்றுதான் சொல்ல வேண்டும். தேதி வாரியாகத் திடலுக்குப் போன பதினேழு நாட்கள், ஒவ்வொரு நாளும் ஓடிய நேரம், எண்ணெய் கலந்த அளவு. மொத்தம் நாற்பத்தொரு மணி நேரம். இருபத்தாறாவது மணியில் புது பிஸ்டன். ஆக பிஸ்டனின் வயது பதினைந்து மணி. நாற்பது மணிக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்று முதல் பக்கத்தில் அவரே எழுதியிருந்தார்.

நான் முன்பக்கம் குனிந்தேன். ஹேண்டிலுக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு மணிக்கணக்கு மீட்டர். அதில் 63.4.

"இது எப்ப மாட்டினது?"

"வண்டி வாங்கின அன்னிக்கே, சார்."

"நோட்டுல நாப்பத்தொண்ணு. இதுல அறுபத்து மூணரைக்குக் கிட்ட."

அவர் குனிந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார். "அதை நான் பாக்கறதே இல்ல சார். கடிகாரத்தைப் பாத்துதான் எழுதுவேன்."

இருபத்திரண்டு மணி நேரத்துக்கு மேல் கணக்கில் வராத ஓட்டம். அது புது பிஸ்டன் போட்டபிறகு ஓடியதாக இருந்தால், பிஸ்டனின் வயது பதினைந்து அல்ல, முப்பத்தேழு. மூன்றாம் மேட்டில் பிடித்துக்கொள்ளத் தகுந்த வயது.

அவள் பையிலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்தாள். பல் அளவெடுக்கும் மாவு. இரண்டிலும் ஒவ்வொரு உருண்டை எடுத்துப் பிசைந்து, பின்சக்கரத்துப் பல்சக்கரத்தில் சங்கிலி படாத இடத்தில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அது இறுகக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்தார். "என்ன சார், வண்டிக்குப் பல் செட் கட்டப் போறாங்களா?"

"வாயத் திறந்து காட்டினா வயசு சொல்லிடுவா. வண்டியும் அப்படித்தான்" என்றேன்.

"அப்ப என்னை விட்டுடுங்கம்மா. கடைவாய்ல ரெண்டு போச்சு" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. சிரிக்க வைக்கிறவர்களின் கணக்கை நான் இன்னும் ஒரு தடவை கூட்டிப் பார்ப்பேன்.

அறைக்கு வந்து அந்த அச்சில் மாவு ஊற்றி, அதிர்வுத் தட்டில் நடுக்கி, காய்ந்ததும் உடைத்தெடுத்தாள். ஆறு பற்கள். உதிரிபாகக் கடையிலிருந்து கடன் வாங்கி வந்த புதுப் பல்சக்கரத்தின் பக்கத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள்.

"ஒரு பக்கமா சாயல. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தேஞ்சிருக்கு. நேரா ஓடின வண்டி பெரியப்பா."

"நாப்பத்தொண்ணா, அறுபத்து மூணா?"

"அது தெரியாது. நூறு இல்ல, அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"அப்ப வேண்டாம்."

"நீங்க மீட்டரைப் பாக்கறீங்க. நான் ஆளைப் பாக்கறேன். எண்ணெய் அளவு பதினேழு நாளும் எழுதியிருக்கார் பெரியப்பா. பொய் எழுதறவன் அவ்வளவு மெனக்கெட மாட்டான்."

"பொய் எழுதறவன்தான் அவ்வளவு மெனக்கெடுவான்" என்றேன். எத்தனை நோட்டு பார்த்திருக்கிறேன்.

முடிவாக, திடலில் வைத்து ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது என்று ஏற்பாடு. நான் ஒரு நிபந்தனை போட்டேன். நாங்கள் வரும்வரை கிக்கர் மேல் கால் வைக்கக் கூடாது. அவர் ஒப்புக்கொண்டார்.

அந்த வார ஞாயிறு, காலை ஏழே கால். கண்ணாடி ஏற்றும் தன்னுடைய வேனில் வண்டியைக் கட்டி எடுத்துவந்து இறக்கியிருந்தார். சிலிண்டரைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. புகைக்குழாயும் அப்படியே. சரி, வார்த்தை தவறவில்லை என்று நினைத்துக்கொண்டே மீட்டரைப் பார்த்தேன்.

64.1.

நாங்கள் கடையை விட்டுக் கிளம்பும்போதும் 63.4 என்றுதான் எழுதியிருந்தேன். புள்ளி ஏழு கூடியிருக்கிறது. நாற்பத்திரண்டு நிமிடம்.

"நேத்து யார் ஓட்டினது?"

"யாரும் ஓட்டல சார்."

"அப்ப மீட்டர் தானா ஓடுச்சா?"

"சார், நான் தொடவே இல்ல. ஏத்தினேன், இறக்கினேன், அவ்வளவுதான்."

"நாப்பத்திரண்டு நிமிஷம் ஓடியிருக்கு. எழுதி வெச்சிருக்கேன்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "பெரியவர்னு பாக்கறேன். வந்த நாள்லேருந்து திருடனைப் பாக்கற மாதிரியே பாக்கறீங்க. வண்டியும் வேணாம், வியாபாரமும் வேணாம்." வேனின் பின்கதவைத் திறந்துவிட்டார்.

அவள் வண்டிக்கு முன்னால் மண்டியிட்டிருந்தாள். மீட்டரின் பின்பக்கம் விரலை விட்டுத் தடவிக்கொண்டிருந்தாள். "அண்ணா, ஒரு நிமிஷம். இதுல ஒயரே இல்லையே."

"இல்லைங்க. ரெண்டு திருகுதான்."

"இதை மட்டும் கழட்டிக் குடுங்க. சாயந்திரம் திருப்பித் தரேன். அதுவரைக்கும் கோவத்தைத் தள்ளி வைங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே திருப்புளி எடுத்தார். முதல் திருகு அவர் விரலிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. எடுக்கப் பார்த்தார். இரண்டு முறை விரல்கள் அதன் மேல் குவிந்தும் அதை எடுக்க முடியவில்லை. அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். அவர் விரல்களையே பார்த்துக்கொண்டு கேட்டாள், மெல்ல.

"முதுகு இல்லையேண்ணா?"

அவர் சுற்றிலும் பார்த்தார். பிறகு சொன்னார்: "விரல் மரத்துப் போகுதும்மா. ஓட்டிட்டு வந்தா ரெண்டு நாளைக்கு உணர்ச்சி இல்ல. போன மாசம் ஆளுயரக் கண்ணாடி ஒண்ணு நழுவிடுச்சு. கண்ணாடி வெட்டறவனுக்குக் கை மரத்துப் போச்சுன்னு வெளியில தெரிஞ்சா யார் கடைக்கு வருவா? முதுகுன்னா யாரும் கேக்க மாட்டாங்க."

அவள் தன் வலது மணிக்கட்டைத் திருப்பி அந்தத் தழும்பை அவருக்குக் காட்டினாள். "எனக்கும் கைதான் சோறு. வண்டி நடுக்குமா?"

"ரொம்ப நேரம் ஓட்டினா நடுக்கும். நான் ஒரு நாளைக்கு ரெண்டரை மணி நேரம் ஓட்டினவன். நீ அரை மணிக்கு ஒரு தடவை இறங்கு."

முதுகு விஷயத்தில் என் சந்தேகம் சரியாகிவிட்டது. ஆனால் எனக்குச் சந்தோஷமாக இல்லை. மீட்டர் விஷயம் இன்னும் தீரவில்லை.

அறைக்குப் போனதும் அவள் மீட்டரை அதிர்வுத் தட்டின் மேல் வைத்து ரப்பர் பட்டையால் கட்டினாள். சுவிட்சைப் போட்டாள். டீ டம்ளர் நகர ஆரம்பித்தது. நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டேன். பன்னிரண்டாவது நிமிடம் அவள் நிறுத்தினாள்.

64.3.

"இன்ஜினே இல்ல பெரியப்பா. பல்லு நடுக்கற தட்டு. இதுக்கும் கணக்கு எழுதிடுச்சு."

அந்த மீட்டருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நடுக்கம். இன்ஜின் நடுக்கினாலும் எண்ணும், வேன் நடுக்கினாலும் எண்ணும். கடைக்கும் திடலுக்கும் வேனில் நாற்பது நிமிடம். போக வர எண்பது. நோட்டில் பதினேழு நாள். ஆயிரத்து முந்நூற்று அறுபது நிமிடம். மீட்டர் கூடுதலாகக் காட்டியது ஆயிரத்து முந்நூற்று நாற்பத்து நான்கு.

"பதினாறு நிமிஷம் இடிக்குதே" என்றேன்.

"ரயில்வே கேட்ல நின்னிருப்பார்!" என்று கத்திவிட்டு, கைகூப்பினாள். "போதும் பெரியப்பா. அந்தப் பதினாறை அவருக்குத் தானமாக் குடுத்துடுங்க."

மாலையில் நானே போய் மீட்டரைத் திருப்பிக் கொடுத்தேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் பெரிதுபடுத்தவில்லை. "என் பொண்டாட்டி கூட இவ்வளவு கேள்வி கேட்டதில்ல சார்" என்றார். புகைக்குழாயைக் கழற்றி, துவாரம் வழியாக டார்ச் அடித்து பிஸ்டனைக் காட்டினார். பிஸ்டனில் ஒரு கீறல் இல்லை. அடுத்த நாள் வண்டி எங்கள் வீட்டுக்கு வந்தது.

முதல் ஞாயிறு இருபது நிமிடம் மட்டும் ஓட்டினாள். வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தும்போது, எப்போதும்போல் தொட்டியைத் திறந்து பார்த்து எழுதினேன்: 'பெட்ரோல் கால் தொட்டி. நிறம் இளஞ்சிவப்பு.' கலக்கும் எண்ணெய் சிவப்பு. சரியாகக் கலந்திருந்தால் பெட்ரோல் அந்த நிறத்தில் இருக்கும்.

அதற்கடுத்த ஞாயிறு, வண்டியைச் சுமை ஆட்டோவில் ஏற்றிப் போனபோது, மாப்பிள்ளையும் திடலுக்கு வந்தார். ஏழு வருடத்தில் முதல் தடவை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி நின்றார். அவள் தலைக்கவசம் மாட்டி, கையுறை போட்டு, வண்டி மேல் ஏறி, மடங்கியிருந்த கிக்கரை வெளியே எடுத்துவிட்டாள்.

"இரு. தொட்டி பாக்கல" என்றேன்.

"போன ஞாயிறுக்கப்புறம் வண்டியை ஸ்டார்ட்டே பண்ணல பெரியப்பா. பெட்ரோல் என்ன நடந்தா போகும்?"

"பாத்துடறேன்."

திறந்தேன். கழுத்துவரை பெட்ரோல் இருந்தது. நோட்டைப் புரட்டினேன். கால் தொட்டி என்றுதான் எழுதியிருந்தேன். மறுபடி பார்த்தேன். சிவப்பு ஒரு சாயலுக்கு மட்டும் இருந்தது, சட்டையில் பழைய கறை மாதிரி.

"இறங்கு."

"என்ன?"

"இறங்கும்மா. யாரோ கை வெச்சிருக்காங்க."

எனக்கு முதலில் யார் நினைவு வந்தது என்று எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. கண்ணாடிக்காரர். வண்டி எங்கள் வீட்டுக் கொட்டகையில் பூட்டியிருக்க, அவர் எப்படி வர முடியும் என்றுகூட யோசிக்கவில்லை.

அவள் கையுறையைக் கழற்றி விரலைத் தொட்டிக்குள் விட்டாள். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தாள். தினமும் பொடியும் திரவமும் கலக்கிற விரல் அது. "வழவழப்பே இல்ல" என்றாள். என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து ஒரு சொட்டு விட்டாள். அது காய்ந்தது. எண்ணெய் வட்டம் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது.

மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார். "மாமா, அது நான்தான்."

இருவரும் திரும்பினோம்.

"நேத்து ஃபுல் பண்ணி வெச்சேன். கேன்ல வாங்கிட்டு வந்து. மூணு வாரமா மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டிருந்தேன் இல்ல, அதான், சும்மா ஒரு..." அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "பெட்ரோல் வண்டிக்குப் பெட்ரோல்தானே ஊத்துவாங்க?"

அவர் பிறந்ததிலிருந்து ஓட்டியது ஃபோர் ஸ்ட்ரோக் ஸ்கூட்டர். இந்த வண்டிக்கு எண்ணெய் எங்கே போகிறது என்று நாங்கள் அவருக்குச் சொல்லவே இல்லை. பேச்சு உப்பு, தண்ணீர், சாவி என்று நின்றிருந்ததே. நாங்கள் வெளியில் மூன்று வண்டியையும் ஓர் ஆளையும் துருவிக்கொண்டிருந்தோம். பிஸ்டனைப் பிடிக்க வைக்கிற பெட்ரோல் வீட்டிலிருந்து, சமாதானத்துக்கு வந்திருந்தது.

அவள் சொன்னாள், ஒவ்வொரு சொல்லாக. அவர் உட்கார்ந்துவிட்டார், மண்ணிலேயே.

"மூணாவது மேட்டுல பிடிச்சிருக்குமா?"

"அதுக்கு முன்னாடியே."

"நான் உன் கைய உடைச்சிருப்பேன்."

"நீங்க இல்ல. சொல்லாம விட்ட நான்."

அவர் அவளுடைய வலது கையைப் பிடித்து, தன் கைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, "இப்ப எண்ணெயை மேல ஊத்திடலாமா?" என்று கேட்டார்.

"எவ்வளவு இருந்துச்சு, எவ்வளவு ஊத்தினீங்கன்னு யாருக்குத் தெரியும்? உத்தேசமாக் கலக்கறது என் தொழில்ல கிடையாது" என்று அவள் தொட்டியை முழுக்க வடித்தாள். புதிதாக அளந்து கலந்து ஊற்றினாள். வடித்ததை அவருடைய ஸ்கூட்டரில் ஊற்றினோம். அது நான்கு நாளைக்கு லேசாக நீலப்புகை விட்டது. தெருவில் எல்லாரும் வண்டிக்கு என்ன என்று கேட்டார்கள். அவர் யாருக்கும் சொல்லவில்லை.

அன்று அவள் மூன்றாம் மேட்டில் விழுந்தாள். இறங்கும் பக்கத்தில், ஈர மண்ணில், வண்டி பக்கவாட்டில் சாய்ந்தது. மாப்பிள்ளை செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். பாதி தூரம் போவதற்குள் அவள் இடுப்பை வைத்து முட்டுக்கொடுத்து, இடது கையால் தூக்கி நிறுத்திவிட்டாள். கிக்கரை மிதித்தாள். வண்டி கிளம்பியது. அவர் வெறுங்காலோடு நடுத்திடலில் நின்று, போகிற புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதினேன்: 'மூன்றாம் மேடு. விழுந்தாள். தானே தூக்கினாள். கை சரி.'

வீட்டுக்கு வந்ததும் நோட்டில் புதிதாக இரண்டு பத்தி கோடு போட்டேன். ஒன்று, 'கலந்தவர்'. இன்னொன்று, 'நிறம் பார்த்தவர்'. கலப்பது அவள். நிறம் பார்த்துக் கையெழுத்துப் போடுவது இப்போது மாப்பிள்ளை வேலை. டார்ச் பிடித்துப் பார்த்து, பெரிய எழுத்தில் போடுகிறார். தவறாமல் போடுகிறார்.

அவர் போனபிறகு மூடியைத் திறந்து நானும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.